அட்டை அக்காவின் ஏரி

இடது கை கோப்பையைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கையில் ஓர் ஐஸ்கிரீம் குச்சி. கோப்பையிலிருந்து இறங்கிய, கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் பசை குச்சியின் மேல் விழுந்து, அதன் நுனியிலிருந்து நூலாக, அட்டையில் வெட்டிய ஏரிக்குள் வழிந்தது. நேரே ஊற்றினால் குமிழி சேரும். குமிழியோடு இறுகிவிட்டால் ஏரி சோடா பாட்டில் மாதிரி இருக்கும். ஒரு கோப்பைக்கு ஒரு சொட்டு நீலம், அரைச் சொட்டு பச்சை. அதற்கு மேல் போனால் அது ஏரி இல்லை, மைக்கூடு. மூன்றாவது கோப்பையும் காலியானதும் குச்சியைக் கரையோரமாக ஒரு சுற்று இழுத்துவிட்டு, கைகள் இரண்டும் பழந்துணியில் துடைத்துக்கொண்டன.

"ஏண்டி, ஏரி ரொம்பிடுச்சா?" அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"ரொம்பிடுச்சு."

"அப்ப என்னையும் கொஞ்சம் கவனி. காலையிலிருந்து ஒரே பக்கமா படுத்து முதுகு காந்துது."

மகளுக்கு நாற்பத்தாறு வயது. அந்தப் பகுதி முழுவதற்கும் அவள் அட்டை அக்கா. கட்டப்போகிற கட்டடங்களை முன்கூட்டியே அட்டையில் சின்னதாகக் கட்டிக் கொடுப்பது தொழில். பதினேழு வயதில் செருப்புப் பெட்டி ஒட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா போய், தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். பிறகு வரைபடம் நகலெடுக்கும் கடைக்கு மாறினாள். ஒரு நாள் ஒரு கட்டட வரைவாளர் மழையில் நனைந்து கூரை தொங்கிப்போன ஒரு கட்டட மாதிரியைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்தக் கூரையைப் பிரித்து, புதிதாக வெட்டி, ஓரம் தெரியாமல் ஒட்டிக் கொடுத்தாள். "இதெல்லாம் யார்கிட்டம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார். "செருப்புகிட்ட சார்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதிரியைச் செய்யச் சொல்லி அவளிடமே வரைபடத்தைக் கொடுத்தார்.

நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் வளைகோடுகளைப் படிக்க அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நகலுக்காகக் கடையில் காத்திருந்த நில அளவையாளர்களிடம் ஆளுக்கு ஒரு கேள்வி என்று கேட்டுக் கேட்டே இரண்டு வருடத்தில் தெரிந்துகொண்டாள். கோடுகள் நெருங்கி வந்தால் சரிவு; விலகிப் போனால் சமதரை; ஒரு கோடு மூக்கு மாதிரி உள்ளே வளைந்தால் அந்த வழியாக எப்போதோ தண்ணீர் போயிருக்கிறது.

அவளாக வைத்துக்கொண்ட பழக்கங்கள் இரண்டு. மற்றவர்கள் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் வீடுகளை நட்டுவிடுவார்கள். அவள் முதலில் நிலத்தைக் கட்டுவாள். அளவைத் தாளில் இருக்கிற ஒவ்வொரு வளைகோட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் அட்டை. நிஜத்தில் அது அரை மீட்டர் உயரம். பின்னால் வீட்டுக்கு அடியில் மறைந்துபோகிற கோடாக இருந்தாலும் வெட்டித்தான் ஒட்டுவாள். இரண்டாவது, வெட்டி எடுத்த துண்டுகளுக்கு எண் போட்டு, வேலையைக் கையளிக்கும்வரை பையில் வைத்திருப்பாள். "குப்பைக்கும் நம்பர் போடற ஆள் நீ ஒருத்திதான்" என்பான் தம்பி.

இந்த வேலையை மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்தார். பகுதி விழாக் குழுவின் தலைவர் அவர். புறநகரின் கடைசி நிறுத்தமாக இருந்த இடம் வளர்ந்து, அந்த வருடம் ஆயிரமாவது வீட்டைத் தொட்டிருந்தது. அதைக் கொண்டாட விழா. மண்டபத்தின் வாசலில் மொத்தப் பகுதியும் ஒரு மேசை மேல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் காகிதக் கொடி கட்டிய ஒரு குண்டூசி கொடுப்பார்கள். அவரவர் வீட்டுக் கூரையில் அவரவரே குத்த வேண்டும். அன்றைக்கே மேடையில், ஏரிக்குக் கிழக்கே கட்டி முடித்திருக்கிற புது வரிசையின் நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் சாவி.

அந்த நாற்பதில் பதினேழாம் எண் தம்பியுடையது.

அதை அவன் தேடிப் பிடித்ததே அம்மாவுக்காகத்தான். இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அம்மா சக்கர நாற்காலி. இப்போதிருக்கும் வாடகை வீட்டு வாசலில் ஐந்து படி. இரண்டு பேர் தூக்கினால்தான் அம்மா தெருவைப் பார்க்கலாம். பதினேழாம் எண்ணில் ஒரு படிகூட இல்லை. தெருவும் தரையும் ஒரே மட்டம். அம்மாவின் அறை முன்பக்கம், ஜன்னல் தாழ்வாக. "நானே உருட்டிக்கிட்டுப் போய் பால் வாங்கிட்டு வருவேன் பாரு" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்து, அட்டை அக்கா திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஏரியைக் காணவில்லை.

நடுவில் ஒரு கை அகலத்துக்கு ஏதோ தேங்கியிருந்தது. மீதி இடத்தில் வெறும் அட்டை, ஈரம் காட்டிக்கொண்டு. கசிந்து தரைக்கு வந்திருக்குமோ என்று குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். தரை உலர்ந்திருந்தது. நிமிர்ந்தபோதுதான் புது வரிசை கண்ணில் பட்டது. நாற்பது வெள்ளை வீடுகளும் நீலப்பச்சைப் பளபளப்பில் நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு அழகாக இருந்தது.

இரும்பு அளவுகோலை எடுத்துப் பதினேழாம் எண்ணின் சுவரோரம் நிறுத்தினாள். ஒன்றரை மில்லிமீட்டர். நிஜத்தில் முக்கால் மீட்டர். அம்மாவின் கட்டில் உயரம் அதைவிடக் குறைவு. அது அளந்து பார்க்காமலே அவளுக்குத் தெரியும். தினமும் குனிகிற முதுகுக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்பது சீக்கிரமே புரிந்தது. ஏரியின் கரையைச் சுற்றி, ரெசின் வெளியேறாமல் இருக்க, டேப் ஒட்டியிருந்தாள். எங்கெல்லாம் ஒட்டுவது என்பதற்குப் புது மனைப்படத்தைப் பார்த்திருந்தாள். அதில் ஏரி முழு வட்டம். வாய்க்கால் எதுவும் இல்லை. நிலத்தை வெட்டியதோ பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அளவைத் தாளை வைத்து. அதில் வடகிழக்கு மூலையில் கோடுகள் மூக்கு மூக்காக உள்ளே வளைந்திருந்தன. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் போகிற பழைய வாய்க்கால் அது. அந்தப் பள்ளத்தையும் பழக்கப்படி வெட்டி ஒட்டியிருந்தாள்; டேப்புக்கு அடியில் அதன் வாய் திறந்தே இருந்தது. இப்போது அதன் மேல் தெருவும் வீடுகளும். ரெசினுக்குப் புது மனைப்படம் தெரியாது. பழைய வழியிலேயே போயிருக்கிறது. போய், எதிரே உயர்த்திக் கட்டிய புதுப் பிரதான சாலையில் முட்டி நின்றிருக்கிறது.

தன் தவறாகவே இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். அட்டையைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டால் மேடு பள்ளமாகும். அவளே பழைய நாளில் ஒருமுறை ஒரு மலையைக் குளமாக்கியிருக்கிறாள். பையைக் கொட்டி, அந்த மூலையின் துண்டுகளைத் தேடி எடுத்தாள். பதினொன்று. ஒவ்வொன்றாக அளவைத் தாளின் மேல் வைத்து, வெட்டு விளிம்பும் கோடும் பொருந்துகிறதா என்று பார்த்தாள். ஒன்று பொருந்தியது. இரண்டு பொருந்தியது. ஏழாவதும் பொருந்தியது. பதினொன்றும் பொருந்தின. இருபத்திரண்டு வருடத் தொழிலில், தன் வேலை சரியாக இருந்ததற்காக அவள் பயந்தது அன்றைக்குத்தான்.

கைப்பேசி அடித்தது. மருந்துக்கடைக்காரர்.

"என்னம்மா, ஏரி வந்துடுச்சா?"

"வந்துச்சு அண்ணே. வந்து, போயிடுச்சு."

"போயிடுச்சா? எங்க, சினிமாவுக்கா? இந்தா பாரு, சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வண்டி அனுப்பறேன். ஏரி மட்டும் பளபளன்னு இருக்கணும். அதுதான் நம்ம பகுதிக்கே முகம்."

"பளபளப்புக்கு ஒண்ணும் குறைச்சலில்ல அண்ணே" என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட வந்த தம்பியிடம் சொன்னாள். அவன் மேசையை ஒருமுறை சுற்றி வந்தான். பகுதி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவான். விரலை நீட்டினான், அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, மூணு கோப்பை பசையைப் பார்த்துட்டு நான் வீட்டை வேண்டாம்னு சொல்லணுமா?"

"வேண்டாம்னு சொல்லச் சொல்லல."

"நிஜ ஏரி என்ன இப்படி மொத்தமா கவிழப்போகுதா? யாராவது கோப்பையில ஊத்தப்போறாங்களா?"

"இல்லடா. எவ்வளவு தண்ணி வரும்னு இது சொல்லாது. அதுக்கு வேற கணக்கு இருக்கு. வந்தா எந்தப் பக்கம் வரும்னு இது சொல்லுது. வந்தா எங்க நிக்கும்னு சொல்லுது."

அவன் குனிந்து, மேசை மேல் இருந்த சாலையைப் பார்த்தான். பிறகு, "ரோட்டுக்கு அடியில குழாய் போட்டிருப்பாங்க. படத்துல விட்டுப்போயிருக்கும்" என்றான்.

அது அவளுக்கும் தோன்றியிருந்தது. அந்த ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். "வா, போய்ப் பார்த்துடலாம்" என்றாள்.

மூன்று மணிக்கு இருவரும் அவன் வண்டியில் போனார்கள். புது வரிசையில் சுண்ணாம்பு வாசனை இன்னும் இருந்தது. விழாவுக்காகத் தெருவின் குறுக்கே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் மருந்துக்கடைக்காரரின் புதுக் கிளைக்குப் பெயர்ப்பலகை ஏறிக்கொண்டிருந்தது. தம்பி பதினேழாம் எண்ணின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பழக்கத்தில் ஒரு முறை கதவைத் தொட்டுப் பார்த்தான்.

வரிசையின் பின்பக்கம் பிரதான சாலையின் கரை. அவள் தலைக்குமேல் உயரம். சரிவில் புல் பதித்திருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார்கள். எங்கேயாவது ஒரு சிமெண்டு வளையம், ஒரு கம்பி வலை, ஓர் ஓட்டை. ஒன்றும் இல்லை. தம்பி மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கி, அங்கேயும் தேடிவிட்டு வந்தான்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி கடைசியில் வாய் திறந்தார். "என்னத்தைத் தொலைச்சீங்க?"

"ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய் எங்கண்ணே?" என்றான் தம்பி.

"குழாயா? ரோடு போட்ட நாள்லேருந்து நான்தாம்ப்பா இங்க காவல். மண்ணு கொட்டினாங்க, கல்லு கொட்டினாங்க, உருளை விட்டாங்க. குழாய் ஒண்ணு வந்துச்சு. அது இறங்க வேண்டிய பள்ளத்துல ஒரு நாய் குட்டி போட்டிருக்குன்னு ரெண்டு நாள் அதை ஓரமா உருட்டி வெச்சாங்க. அப்புறம் அந்தப் பக்கம் வேலைக்கு வேணும்னு லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க."

"திரும்பி வரலையா?"

"நாய் போயிடுச்சு. குழாயும் போயிடுச்சு. யாரும் கேக்கல. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் கரையைப் பார்த்தான். அவள் பதினேழாம் எண்ணின் தாழ்வான ஜன்னலைப் பார்த்தாள். நான்கு வருடமாக மழை சரியாக இல்லை. ஏரி பாதிகூட நிறையவில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. ஏரி நிறையாதவரை யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. ரெசின் ஜவ்வுப் பதத்துக்கு வந்திருந்தது. அவள் எதிர்பார்த்த நேரம்தான் அது. இப்போது கத்தி முனையால் ஓரத்தை நெம்பினால் பாலாடை மாதிரி முழுதாக உரிந்து வந்துவிடும். வாய்க்கால் வாயை அடைத்து, புதிதாக மூன்று கோப்பை ஊற்றினால் நாளைக்கு ஏரி வட்டமாக இருக்கும். இன்னும் இரண்டு மணி நேரம் போனால் கல். பிறகு வீடுகளோடு சேர்த்து உடைக்க வேண்டும்.

கத்தியை எடுத்துப் புது வரிசையின் ஓரத்தில் வைத்தாள். தம்பி எதிரே நின்றான்.

"எடுத்துடு அக்கா" என்றான். "மேடையில கூப்பிட்டுச் சாவி கொடுக்கப் போறாங்க. எல்லாரும் பார்க்கற இடத்துல இதைக் கொண்டுபோய் வெச்சா, நாப்பது குடும்பமும் உன்னைத்தான் திட்டும். விழாவைக் கெடுத்தவள்னு பேர் வரும். நான் தனியா எழுதிக் கொடுத்துக் கேக்கறேன். குழாய் போடுவாங்க."

"எங்க எழுதிக் கொடுப்பே?"

"என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்றாள் அம்மா. "என்னை உருட்டிக்கிட்டு வந்து காட்டுங்க. எனக்குத் தெரியாம என் வீட்டுல என்ன?"

தம்பி நாற்காலியை உருட்டிவந்தான். அம்மாவின் கண்ணுக்கு மேசை மேல் இருக்கிற பகுதி சரியான மட்டத்தில் இருந்தது. முதலில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்: தன் வீட்டைத் தேடினாள். பதினேழு வரை விரலால் எண்ணிக்கொண்டு போனாள். விரல் நின்றது.

"இது என்ன, தண்ணியா?"

"ஆமாம்மா."

"உள்ள வருமா?"

"மழை நிறைய பேஞ்சா, வரும்."

அம்மா விரலை மடக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்ததை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை. விழுந்து இடுப்பு உடைந்த அன்றைக்குக்கூட இல்லை.

"எல்லாரும் எழுந்து ஓடிடுவீங்க" என்றாள் அம்மா மெதுவாக. "என்னை ரெண்டு பேர் தூக்கணும்." அப்புறம் தன் நாற்காலியின் சக்கரத்தைத் தட்டிக்கொண்டு, "இது மிதக்குமா, கேட்டியாடா நாற்காலி வித்த கடைக்காரன்கிட்ட?" என்றாள்.

தம்பி சிரிக்கப் பார்த்து, முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாற்பது வீட்டில் எத்தனை வீட்டை, படி இல்லை என்பதற்காகவே எடுத்திருப்பார்கள் என்று அக்கா யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தே இரண்டு. கத்தியை மூடி மேசை இழுப்பறையில் போட்டாள்.

வியாழனும் வெள்ளியும் மீதி வேலையைச் செய்தாள். ஏரியின் வாய்க்கால் மூலையைச் சின்னதாக அடைத்து, இன்னும் மூன்று கோப்பை கலந்து, ஏரியையும் நிரப்பினாள். ஒரு குமிழிகூட விழவில்லை. வீடுகளைச் சுற்றி நின்றதைத் தொடவில்லை. மரங்களை நட்டாள். கடைசியாகக் குளியலறையிலிருந்து ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்துவந்து, இரு முனைப் பஞ்சையும் நறுக்கினாள். தண்டு வெறும் குழல். குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர். நிஜத்தில் ஒரு மீட்டர் குழாய். பிரதான சாலையின் அகலத்தை அளந்து, நாற்பத்தெட்டு மில்லிமீட்டருக்கு வெட்டி, முனையைத் தாளில் தேய்த்து, சாம்பல் நிறம் பூசினாள். ஒட்டவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதில் படுக்கவைத்தாள்.

சனிக்கிழமை வண்டியோடு மருந்துக்கடைக்காரரே வந்துவிட்டார். புதுச் சட்டை, கையில் கொடி குத்திய குண்டூசிப் பெட்டி. தம்பியும் பணிமனை ஆட்கள் இருவரும் மாதிரியின் இரண்டு பாதிகளையும் படியிறக்கி, மண்டபத்து வாசல் மேசையில் வைத்துப் பொருத்தினார்கள். அவர் இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார்.

"ஏரி சூப்பர்" என்றார். "அட்டை அக்கான்னா சும்மாவா." பிறகு கிட்ட வந்து, அவரும் முதலில் தன்னுடையதைத் தேடினார். புது வரிசையின் முனை. கிளைக் கடை. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, என் கடை ஏன் மினுங்குது?"

அவள் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அளவைத் தாள், வாய்க்கால், டேப், பதினொரு துண்டுகள், சாலையின் கரை, காவலாளி, நாய், லாரி. சொல்லி முடிக்கும்வரை அவர் குனிந்த நிலையிலிருந்து நிமிரவே இல்லை. கையிலிருந்த பெட்டி சாய்ந்து, நாலைந்து குண்டூசிகள் மேசையில் சிதறின.

"கீழ்த்தட்டு முழுக்க இன்சுலின் ஃபிரிட்ஜ் வெச்சிருக்கேன்" என்றார் கடைசியில். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. "நேத்துதான் மாத்தினேன்."

"துடைச்சுடச் சொன்னா முடியாது அண்ணே. இறுகிடுச்சு."

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் குடும்பங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன.

"பத்து மணிக்கு நான் என்னம்மா பேசறது? வளர்ச்சி, வளர்ச்சின்னு நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்."

"எனக்கு மேடையில பேச வராதுண்ணே. நான் செஞ்சது இதுதான்."

தம்பி மேசையில் சிதறிய குண்டூசிகளில் ஒன்றைப் பொறுக்கினான். பதினேழாம் எண்ணின் கூரைக்கு நேரே ஒரு கணம் பிடித்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, "சாவி இன்னைக்கு வேண்டாம் அண்ணே. என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். "வேண்டாம்னு சொல்லல. அப்புறம் வாங்கிக்கறேன்."

"எப்போ?"

அட்டை அக்கா இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, உள்ளே இருப்பதை அவருக்குக் காட்டி, மூடி, நீட்டினாள். "ரோட்டுக்கு அடியில வர வேண்டியது இது ஒண்ணுதான். ஒட்டாம வெச்சிருக்கேன். அங்க நிஜமாப் போட்டுட்டுச் சொல்லியனுப்புங்க, வந்து ஒட்டிட்டுப் போறேன்."

மருந்துக்கடைக்காரர் குண்டூசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டித் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.